வெள்ளத்தில் ஆடு மாடு இறந்தால் நிவாரணம்: எவ்வளவு, யாரிடம், முதல் நாளில் என்ன செய்வது?

வைப்பாற்றங்கரை
வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் எங்கள் ஊராட்சியில் ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு துண்டறிக்கை அச்சடித்துக் கொடுக்க இருக்கிறோம். 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தொழுவத்தில் கட்டிக் கிடந்த மாடு கயிற்றோடு போயிற்று, பட்டியில் அடைத்த ஆடு பட்டியோடு போயிற்று. பிறகு நிவாரணத்துக்கு அலைந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பக்கத்து வீட்டுக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?"

ஒரு மாட்டுக்கு, ஆட்டுக்கு, கோழிக்கு எவ்வளவு? முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? உடலே கிடைக்காவிட்டால் என்ன வழி? ஆணை எண்கள் வேண்டாம். நடைமுறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கோப்புக்கட்டு
தொகையிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. நம் மாநிலத்துக்கு அந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. எந்த இழப்புக்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் விதியாக வகுக்கிறது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதியில் பசு, எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய். செம்மறி, வெள்ளாடு, பன்றி 4,000. உழவு மாடு, வண்டி மாடு 32,000. கன்று, கழுதை 20,000. கோழி 100. வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகை சேதமானால் கொட்டகைக்கு 3,000.

இதற்கு முந்தைய விதியில் பசுவுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000, காளைக்கு 25,000, கன்றுக்கு 16,000. 2018 கஜா புயலுக்குக் கொடுத்தது அந்தக் கணக்கில்தான். தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் மழை வெள்ளத்தின்போது 30,000 என்பது 37,500 ஆனது, ஆட்டுக்கு 4,000 ஆனது. பழைய தொகையைப் போட்ட வாட்ஸ்ஆப் செய்திகள் இன்னும் சுற்றுகின்றன, உங்கள் தாளில் அவை ஏறிவிடக் கூடாது. நிதிக்குழுவின் காலம் மாறும்போது விதியும் மாறும் என்பதால் அச்சுக்குக் கொடுக்கும் முன் தாலுகா அலுவலகத்தில் நடப்புத் தொகையைக் கேட்டு எழுதுங்கள்.

தொகையைவிட முக்கியம் உச்சவரம்பு. எத்தனை இறந்தாலும் ஒரு குடும்பத்துக்குக் கறவையில் பெரியது 3, அல்லது சிறியது 30, அல்லது உழவு மாடு 3, அல்லது கன்று வகை 6. கோழிக்குக் குடும்பத்துக்கு 10,000 ரூபாய், அதாவது 100 கோழி. "எனக்கு மட்டும் ஏன் குறைவு" என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்த வரிக்குள் இருக்கிறது.

கிடைமறி
கோப்புக்கட்டு ஐயா சொன்ன 30 என்ற எண்ணை எங்கள் பக்கத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். 120 தாயாடு உள்ள கிடையில் (ஊர் ஊராக வயலில் அடைக்கும் ஆட்டு மந்தையில்) 80 போனால் இழப்பு 80. நிவாரணம் 30 × 4,000 = 1,20,000. மீதி 50 ஆட்டுக்கு ஒரு பைசா கிடையாது. ஆட்டுக்கு 4,000 என்பதே எந்தச் சந்தையிலும் ஒரு தாயாடு வாங்கப் போதாது. மாடு வைத்திருப்பவர் மூன்று மாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம், செம்மறிக்காரருக்கு அது முடியாது. கிடை என்பதே எண்ணிக்கையை நம்பிய தொழில். விதியை வகுத்தவர்கள் வீட்டில் நாலு ஆடு கட்டி வளர்ப்பவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இது மாற வேண்டும்.

மாறும் வரை செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிடையில் இருப்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்து ஆடு அல்ல. அண்ணன், தம்பி, மாமன், மச்சான் என்று மூன்று நான்கு குடும்பத்து ஆடு சேர்ந்து மேயும். ஒவ்வொருவருக்கும் காது வெட்டு அடையாளம் வேறு, சாயக்குறி வேறு. கீதாரிக்கு (கிடையை நடத்தும் தலைவருக்கு) அது மனப்பாடம், கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியாது. கீதாரி பெயரில் "80 ஆடு இறப்பு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் அவர் ஒருவருக்கு 30-க்கு மட்டும் பணம் வரும், மற்ற குடும்பங்கள் காகிதத்திலேயே இல்லாமல் போய்விடும். ஆகவே மழைக்கு முன்பே ஒரு நோட்டில் யாருக்கு எத்தனை தாயாடு, எத்தனை கிடா, எத்தனை குட்டி, காதில் என்ன வெட்டு என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி போடும்போது அதே பிரிவின்படி பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். உண்மையாகவே தனித்தனிக் குடும்ப அட்டை, தனித்தனி உடைமை என்றால் மட்டும். இறந்த பிறகு பிரித்துக் காட்டினால் எவரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

மாட்டாஸ்பத்திரி
முதல் நாள் வேலையை நான் சொல்கிறேன். உடலைப் புதைக்கும் முன் இரண்டு பேர் பார்த்தாக வேண்டும்: கிராம நிர்வாக அலுவலர், கால்நடை உதவி மருத்துவர். முதலாமவர் இழப்பு எங்கே, யாருடையது, பேரிடரால்தானா என்று எழுதுகிறார். இரண்டாமவர் என்ன விலங்கு, என்ன வயது, கறவையா சினையா, எதனால் இறந்தது என்று எழுதுகிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒருவர் "எருமை" என்றும் மற்றவர் "எருமைக் கன்று" என்றும் எழுதினால் கோப்பு அங்கேயே நிற்கும்.

நேரம் மிகக் குறைவு. மாடு இறந்த சில மணி நேரத்தில் வயிறு உப்பிவிடும். மறுநாள் வெயில் ஏறினால் ரோமம் கையோடு வரும், உள்ளுறுப்புகள் குழைந்துவிடும். நீரில் மூழ்கி இறந்திருந்தால் மூச்சுக்குழாயில் நுரையும் நுரையீரலில் நீர்க்கோப்பும் தெரியும். அழுகிய உடலில் அது தெரியாது. அப்போது "காரணம் கண்டறிய இயலவில்லை" என்றுதான் மருத்துவரால் எழுத முடியும், அந்த ஒரு வரி மனுவைச் சாய்த்துவிடும். சாலை துண்டிக்கப்பட்டு மருத்துவர் வர முடியாவிட்டால் கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. அழைத்த நேரத்தை எழுதி வையுங்கள். தாமதம் உங்களுடையது அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம்.

படம் எடுக்கும்போது: முழு உடலும் பின்னால் உங்கள் தொழுவமும் தெரிய ஒன்று. காது வில்லையின் (காதில் மாட்டிய அடையாளத் தகட்டின்) 12 இலக்க எண் படிக்கிற அளவுக்கு நெருக்கத்தில் ஒன்று. வில்லையில் சேறு அப்பியிருக்கும், துடைத்துவிட்டு எடுங்கள். முகம், கொம்பு, மடி ஒவ்வொன்று. உரிமையாளர் பக்கத்தில் நிற்க ஒன்று. அந்தப் படத்தை வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து கழன்றுவிடும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், மூலப்படத்தைப் போனில் அழிக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் வழிந்து, உடல் சரியாக விறைக்காமல் கிடந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அந்த உடலை யாரும் அறுக்கக் கூடாது, தோலை உரிக்கவே கூடாது. காது நரம்பிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்து மருத்துவர் பார்த்துக்கொள்வார். நிவாரணத்துக்காகப் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே வற்புறுத்தாதீர்கள். மனிதர் உயிருக்கே ஆபத்து.

புதைக்கும் குழி 6 அடி ஆழம் இருக்கட்டும். கீழேயும் மேலேயும் சுண்ணாம்பு போடுங்கள். கிணறு, ஓடைப் பக்கம் வேண்டாம்.

வைப்பாற்றங்கரை
நன்றி மாட்டாஸ்பத்திரி ஐயா. உடல் அடித்துக்கொண்டு போய்விட்டால்? 2023-இல் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சிக்கல்.

கோப்புக்கட்டு
இழப்பை மாநில அரசு குறிப்பிட்ட அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, உடல் இருந்தே ஆக வேண்டும் என்று அல்ல. ஆனால் உடல் இல்லாத இடத்தில் "மாடு இருந்தது" என்பதை முதலில் நிறுவ வேண்டும், "இப்போது இல்லை" என்பது அதற்கு அடுத்தது. முன்னதுக்குப் பலமான சான்று, மழைக்கு முன்பே அரசுப் பதிவேட்டில் இருக்கும் எழுத்து: காது வில்லை எண், கோமாரித் தடுப்பூசிப் பதிவு, சினை ஊசி போட்ட சீட்டு. பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுபவர் என்றால் பால் அட்டை. வெள்ளத்துக்கு முந்தின நாள் மாலை வரை இத்தனை லிட்டர், மறுநாளிலிருந்து ஒன்றுமில்லை என்று அதில் வரிசையாகத் தெரியும். அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. இவற்றோடு அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் கையெழுத்திட்ட பஞ்சநாமா, அதாவது சாட்சி அறிக்கை.

இன்னொன்று. அடித்துப்போன உடல் கீழ் ஊரில் எங்காவது ஒதுங்கும். அங்கே ஜேசிபி வைத்து ஒரே குழியில் தள்ளிவிடுவார்கள். நோய் பரவாமல் இருக்க அவசரம் தேவைதான். ஆனால் புதைக்கும் முன் வில்லை எண்களை மட்டும் ஒருவர் தாளில் எழுதினால், மேல் ஊர்க்காரர் ஒருவருக்கு 37,500 ரூபாய் கிடைக்க வழி பிறக்கும். உங்கள் துண்டறிக்கையில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். நம் மாட்டுக்கு அல்ல, அடுத்த ஊர் மாட்டுக்குச் செய்கிற உதவி.

சந்தைப்பேட்டை
வில்லை பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சந்தையில் வாங்கிய மாட்டுக்குக் காதில் வில்லை இருக்கும், ஆனால் பாரத் பசுதன் என்ற மத்திய அரசின் கால்நடைப் பதிவில் விற்றவர் பெயரே இருக்கும். மாடு இறந்த பிறகு எண்ணைத் தட்டிப் பார்த்தால் வேறு மாவட்டத்துக்காரர் பெயர் வரும். வாங்கிய வாரமே கால்நடை மருந்தகத்தில் உரிமையாளர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். வில்லை அறுந்து விழுந்திருந்தால் புது வில்லை போட்டு, பழைய எண்ணோடு இணைக்கச் சொல்லுங்கள். இரண்டும் சில நிமிட வேலை.

மாட்டாஸ்பத்திரி
கறவை, உழவு என்ற பிரிவில் ஒரு சிக்கல் உண்டு. பொருளாதாரப் பயன் தரும் விலங்குகளின் இழப்புக்கு மட்டும் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. பால் வற்றிய மாடு, வயது முதிர்ந்த மாடு என்று கழிப்பது இந்த வரியைக் காட்டித்தான். வற்றியிருக்கும் மாடு ஏழு மாதச் சினையாக இருக்கலாம். அது பயனற்ற மாடு அல்ல, இரண்டு மாதத்தில் கறக்கப் போகிற மாடு. இறப்புச் சான்றில் "பசு" என்று மட்டும் விடாமல் எத்தனையாவது ஈற்று, எத்தனை மாதச் சினை என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். பிரேதப் பரிசோதனையில் கருப்பையில் கன்று இருப்பது கண்ணெதிரே தெரியும். அது சான்றில் ஏறாவிட்டால் தாலுகா அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்?

கரிசல்மண்
கோப்புக்கட்டு ஐயாவிடம் ஒரு சந்தேகம். 3 கறவை மாடும் 10 ஆடும் ஒரே வீட்டில் இறந்தால் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கலாமா? சேர்த்துத் தருவார்கள் என்றுதான் எங்கள் பக்கம் சொல்கிறார்கள்.

கோப்புக்கட்டு
விதியின் மூலத்தில் நான்கு பிரிவுக்கும் நடுவே இருப்பது "அல்லது". "மற்றும்" இல்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 3 பசு 1,12,500, 30 ஆடு 1,20,000, 3 காளை 96,000, 6 கன்று 1,20,000. ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கும்படி நான்கையும் அமைத்திருக்கிறார்கள். மனுவில் இறந்த எல்லாவற்றையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் கூட்டுத் தொகை முழுவதும் வரும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். இதற்கு மேல் தர மாநில அரசு முடிவெடுத்தால் தன் சொந்த நிதியிலிருந்து தரத் தடையில்லை.

பல்லடம் கொட்டகை
கோழிப் பண்ணைக்காரர்களுக்கு ஒரு வரி. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவருக்குக் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது. கொட்டகையும் உழைப்பும் மட்டும் பண்ணையாளருடையது. 5,000 கோழி மூழ்கினாலும் "என் கோழி" என்று அவர் மனு எழுத முடியாது, எழுதினாலும் 100 கோழிக்கு மேல் பணம் வராது. அவருடைய உண்மையான இழப்பு வளர்ப்புக் கூலியும் கோழிக் கொட்டகையும். அதற்கு இந்த நிதியில் இடமில்லை. ஒப்பந்தத்தில் இயற்கைப் பேரிடர் என்ற பிரிவு என்ன சொல்கிறது என்று கையெழுத்துக்கு முன் படியுங்கள், கொட்டகைக்குத் தனிக் காப்பீடு எடுங்கள். பறவைக் காய்ச்சலுக்காக அழிக்கப்படும் கோழிகளுக்குத் தனித் திட்டம் இருப்பதால் அதையும் இந்த மனுவில் சேர்க்கக் கூடாது.

கிடைமறி
வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்துச் சாகிற ஆட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரண்டு நாள் தண்ணீரில் நின்ற ஆடு சளி பிடித்துச் சாகிறது. குட்டிகள் குளிரில் விறைத்துப் போகின்றன. இவை வெள்ளச் சாவு இல்லையா?

மாட்டாஸ்பத்திரி
நியாயமான கேள்வி, பதிலைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மழை நடக்கும்போதே நனைந்து குளிரில் இறந்த ஆடும் குட்டியும் பேரிடர்ச் சாவுதான். சான்றில் "தொடர் மழையால் குளிர் தாக்கி" என்று காரணத்தோடு எழுதப்பட வேண்டும். வெறும் "நிமோனியா" என்றிருந்தால் வாசிப்பவர் நோய்ச் சாவு என்று தள்ளிவிடுவார்.

மழைக்குப் பின் புதுப்புல் தளதளவென்று முளைக்கும்போது வருகிற துள்ளுமாரி வேறு. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த கொழுத்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும். தொண்டை அடைப்பானும் சப்பை நோயும் அதே பருவத்தில் வரும். இவை மூன்றும் தடுப்பூசியால் தடுக்கக்கூடிய நோய்கள், வெள்ள நிவாரணத்தில் சேராது. மருத்துவரிடம் காரணத்தை மாற்றி எழுதக் கேட்காதீர்கள். ஒரு பொய்ச் சான்று பிடிபட்டால் அந்த ஊரின் உண்மையான மனுக்கள் எல்லாம் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். ஊசி போட்ட பதிவு நிவாரண மனுவுக்கும் சான்றாகிறது.

பாஸ்புக்
ஆணை வந்த பிறகும் பணம் திரும்பிப்போகிற இடம் வங்கி. வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி எண் மாறியது. சிண்டிகேட் வங்கிப் புத்தகம் வைத்திருந்தால் அது இப்போது கனரா, அலகாபாத் இந்தியன் வங்கி, லட்சுமி விலாஸ் டிபிஎஸ். பழைய புத்தகத்து நகலைக் கொடுத்தால் பணம் சேராது. ஆதார் வழியாக அனுப்பினால் கடைசியாக ஆதாரை இணைத்த கணக்குக்குத்தான் போகும், மனுவில் எழுதிய கணக்குக்கு அல்ல. இரண்டும் ஒன்றா என்று முன்பே பாருங்கள். நகைக்கடனோ பயிர்க்கடனோ பாக்கி நிற்கிற கணக்கைக் கொடுக்காதீர்கள். குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரின் முதலெழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும்.

கரிசல்மண்
காப்பீடு எடுத்திருந்தால் நிவாரணம் கிடையாது என்கிறார்களே?

சந்தைப்பேட்டை
காப்பீட்டுப் பணம் பிரீமியம் கட்டி வாங்கியது. இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள், மனுவில் காப்பீடு இருப்பதை மறைக்காதீர்கள். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 மாற்றத்துக்குப் பிறகு விவசாயி கட்ட வேண்டிய பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம்தான், மீதியை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று ஏற்கின்றன. நிவாரணத்துக்குள்ள மூன்று மாட்டு வரம்பு காப்பீட்டுக்குக் கிடையாது. ஆனால் வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை. வில்லையோடு காதுத் துண்டை எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அதை மருத்துவர் முன்னிலையில் செய்யுங்கள். நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும்.

வைப்பாற்றங்கரை
மின்னல், அறுந்து விழுந்த மின்கம்பி இரண்டையும் இதே மனுவில் எழுதலாமா?

கோப்புக்கட்டு
2025-26 வரைக்கான விதியில் மின்னல் மத்திய அரசின் பேரிடர்ப் பட்டியலில் இல்லை. புயல், வெள்ளம், வறட்சி, தீ, நிலச்சரிவு போன்றவை உண்டு. பட்டியலில் இல்லாததை மாநிலப் பேரிடராக அறிவித்து, நிதியில் 10 சதவீதத்துக்குள் செலவிட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மின்னல் சாவையும் கிராம நிர்வாக அலுவலரிடமே பதிவு செய்யுங்கள். கருகிய தடம், வாயில் மென்ற புல், பக்கத்து மரத்தின் வெடிப்பு மூன்றையும் படமெடுங்கள்.

மின்கம்பி வேறு துறை. 2003 மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, விலங்கு இறந்தாலும் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும் என்கிறது. கம்பியை எடுத்து மாட்டிவிடும் முன் படம் எடுத்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, மனு ரசீது வாங்குங்கள். இழப்பீடு கேட்க வேண்டியது மின்வாரியத்திடம்.

மனுநீதி
மனு தள்ளுபடியானால் என்ன செய்வது என்று கேட்டு எனக்குத் தனியாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். முதலில் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். "மேலே அனுப்பியாச்சு" என்பது பதில் அல்ல. எப்போது, எந்த எண்ணில், யாருக்கு அனுப்பப்பட்டது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். என் மனு மீதான களவிசாரணை அறிக்கையின் நகல், என் கிராமத்துப் பயனாளிகள் பட்டியல், நிராகரிப்புக் குறிப்பு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

நகல் கையில் வந்ததும் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் சிறியதாக இருக்கும்: எண்ணிக்கை மாறியது, மருத்துவச் சான்று இணைக்கப்படாதது, கணக்கு எண்ணில் ஓர் இலக்கம். அதைக் காட்டித் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கால்நடைத் துறை மண்டல இணை இயக்குநரும் வருவாய்த் துறையினரும் ஒரே அறையில் இருப்பார்கள். இரண்டு துறையும் ஒருவரையொருவர் காட்டுகிற வழக்கை அங்கேதான் முடிக்க முடியும்.

கிடைமறி
கடைசியாக ஒன்று, துண்டறிக்கையில் இடம் இருந்தால் போடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் மழைக்காலத்தில் வேறு மாவட்டத்தில் கிடை போட்டிருப்பார்கள். குடும்ப அட்டை சொந்த ஊரில், ஆடு செத்தது வேறு தாலுகாவில். சொந்த ஊர் கிராம நிர்வாக அலுவலர் "என் எல்லையில் நடக்கவில்லை" என்பார், அங்கே உள்ளவர் "நீ என் ஊர்க்காரன் இல்லை" என்பார். ஆடு செத்த இடத்து கிராம நிர்வாக அலுவலரிடமும் அங்குள்ள கால்நடை மருத்துவரிடமும்தான் அன்றே எழுதி வாங்க வேண்டும். கிடை போட்ட நிலத்துச் சொந்தக்காரர் ஒரு தாளில் "என் நிலத்தில் இன்ன தேதி முதல் இத்தனை ஆடு கிடை போட்டிருந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது பெரிய துணை. கிடை போடும் முதல் நாளே அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நனையாமல் இருக்கப் பாலிதீன் உறைக்குள்.

வைப்பாற்றங்கரை
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஒரு பக்கத்தில் அடங்காது, இரண்டு பக்கமாக்குகிறோம். முதல் பக்கத்தில் முதல் நாள் வேலையும் 1962, 1077 எண்களும் பெரிதாக. பின்பக்கத்தில் வில்லை எண் எழுத ஆறு கட்டமும், ஆட்டுக்கு எண்ணிக்கையும் காது வெட்டும் எழுத ஒரு கட்டமும் விட்டிருக்கிறோம். ரேஷன் கடையில் வைத்துக் கொடுக்கிறோம்.